பூனைக்கு அழுதவர்கள்

கொலை நடந்த வீட்டில் சிரிப்புக்கு என்ன வேலை? தொலைக்காட்சி இந்தக் கேள்வியை ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நியூயார்க்கில் பழைமையான ஓர் அபார்ட்மென்ட். அங்கே தனியாகக் குடியிருந்த டிம் கோனோ என்ற இளைஞர் தலையில் குண்டு பாய்ந்து இறந்துகிடக்கிறார். தற்கொலை என்று போலீஸ் கணக்கை முடிக்கிறது. குடியிருப்போர் சங்கம் இரங்கல் கூட்டம் போடுகிறது. எல்லோரும் வந்து உட்காருகிறார்கள். ஆனால், பேச்சு டிம் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. அதே சமயத்தில் அதே கட்டடத்தில் எவ்லின் என்ற பூனையும் செத்துப்போயிருக்கிறது. பூனையை வளர்த்த ஹோவர்டைச் சுற்றித்தான் அத்தனை அனுதாபமும். செத்த மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

பார்க்கும் நமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால், அந்தக் கூட்டத்திலேயே மேபல் என்ற பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள். டிம் அவளுடைய பால்யகாலத் தோழன். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு பெரியவர்களிடம்கூட. நமக்கு மட்டும் அது தெரியும். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்த வாய் சட்டென்று மூடிக்கொள்கிறது.

'ஒன்லி மர்டர்ஸ் இன் த பில்டிங்' தொடரின் இரண்டாவது எபிசோடில் வரும் காட்சி இது. 2021 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் ஹூலு தளத்தில் தொடங்கிய இத்தொடரில் 2025 வரை ஐந்து சீசன்கள் வந்துவிட்டன. சீசனுக்குப் பத்து எபிசோடு, ஒரு கொலை. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று எங்கும் கொலையும் நகைச்சுவையும் ஒரே பாத்திரத்தில் வேகும் தொடர்கள் இப்போது வரிசைகட்டி வருகின்றன. அவற்றில் எது தேறும், எது தேறாது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். செத்தவர் அந்தக் கதையில் மனிதராக இருக்கிறாரா, இல்லை கதையைத் தொடங்கிவைக்கும் வெறும் உடலாகக் கிடக்கிறாரா? முதல் வகையில்தான் சிரிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது வகையில் சிரிப்பது வெறும் பழக்கம்.

அடுப்பில் வேகும் ஆதாரம்

இந்தக் கலவை புதிதல்ல. 1958 ஏப்ரலில் 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்' தொடரில் ஒரு கதை ஒளிபரப்பானது. மூலக்கதை ரோல்ட் டால் எழுதியது. குழந்தைகளுக்கான 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'யை எழுதிய அதே டால்தான். தொடரைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் விட்டுவிடும் ஹிட்ச்காக், இந்தக் கதையைத் தாமே இயக்கினார்.

கர்ப்பிணி மனைவியிடம், 'உன்னை விட்டுப் போகிறேன்' என்று சொல்கிறான் போலீஸ்காரக் கணவன். அவள் கையில், ஃப்ரீசரிலிருந்து எடுத்துவந்த ஆட்டுத் தொடை. கல்லைப் போல உறைந்திருக்கிறது. அதாலேயே அவன் பின்மண்டையில் ஓங்கி அடிக்கிறாள். ஆள் காலி. பிறகு அந்தக் கறியை எடுத்து அடுப்பில் வைக்கிறாள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்பிவந்து, போலீஸுக்குத் தகவல் சொல்கிறாள். வந்தவர்கள் எல்லோரும் கணவனுடன் வேலை பார்த்தவர்கள். கொலைக் கருவியைத் தேடி வீட்டையே புரட்டிப்போடுகிறார்கள். கிடைக்கவில்லை. பசிக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்கிறாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கறியை ருசித்துக்கொண்டே, அந்த ஆயுதம் இங்கேதான் நம் கண்ணுக்கெதிரே எங்கேயோ இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு மெல்லச் சிரிப்பு வருகிறது.

குற்றவாளி தப்பிப்பதை அந்தக் காலத் தொலைக்காட்சி அனுமதிக்காது. அதனால் ஹிட்ச்காக் கடைசியில் திரையில் தோன்றி, அவள் பின்னாளில் மாட்டிக்கொண்டாள் என்று ஒரு தகவலைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். ஆனால், பார்த்தவர் மனதில் நிற்பது அந்தத் தகவல் அல்ல. அரை மணி நேரத்துக்குள் ஒரு கொலைகாரியின் பக்கம் நம்மை நகர்த்திவிட்டார்களே, அதுதான். பின்னால் வந்த எத்தனையோ தொடர்களுக்கு இந்த ஒரே எபிசோடில் விதை இருக்கிறது.

கசங்கிய கோட்டுக்காரர்

கொலம்போவைத் தெரியாத துப்பறியும் கதை ரசிகர்கள் குறைவு. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு பள்ளிக்கால நண்பர்கள் உருவாக்கிய பாத்திரம். பீட்டர் ஃபாக் அதில் நடித்தார் என்பதைவிட, வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். 1968இல் தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கி, 1971இல் தொடராகி, 2003 வரை விட்டு விட்டு வந்தது. மொத்தம் 69 கதைகள்.

தொடராக வந்தபோது முதலில் ஒளிபரப்பான கதையை இயக்கியவர், அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அதன் தொடக்கத்தை இப்போது பார்த்தாலும் உடல் சிலிர்க்கும். இரண்டு பேர் சேர்ந்து எழுதும் மர்ம நாவல் ஜோடி. எழுதுவது ஒருவர், பேரும் புகழும் தேடிக்கொள்வது இன்னொருவர். எழுதுகிறவர் இனி தனியாக எழுதப்போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டார். மற்றவர் காரில் வந்துகொண்டிருக்கிறார். காரின் சத்தம் இல்லை, தெருவின் சத்தம் இல்லை, இசையும் இல்லை. மேல்மாடியில் தட்டப்படும் டைப்ரைட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாகப்போகிறவர் கடைசிவரை வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார் ஸ்பீல்பெர்க்.

கொலைகாரன் யார் என்று முதல் இருபது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு எதற்குப் பார்க்கிறோம்? லாஸ் ஏஞ்சலிஸின் பெரும் பணக்காரர்களும் டாக்டர்களும் இசை நடத்துநர்களும், கசங்கிய மழைக்கோட்டும் ஓட்டைக் காருமாக வந்து நிற்கும் ஒரு போலீஸ்காரரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத்தான். அவர் பென்சிலைத் தொலைப்பார். மனைவியைப் பற்றிக் கதை அளப்பார். கிளம்பிவிட்டார் என்று எதிராளி மூச்சுவிடும்போது வாசலிலிருந்து திரும்பி, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்பார். அந்தக் கோட்டு ஃபாக்கின் சொந்தக் கோட்டு. நாம் சிரிப்பது கொலம்போவைப் பார்த்து அல்ல. அவரைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கும் பணக்காரர்களைப் பார்த்து. அந்த ஏளனம்தான் அவர்களைச் சிக்கவைக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகவைப் பேசிப் பேசியே மடக்கும் போர்ஃபிரி என்ற விசாரணை அதிகாரியிடமிருந்து கொலம்போவை எடுத்ததாக அந்த நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு உறவு பளிச்சென்று தெரியும்.

இதே நண்பர்கள், பீட்டர் ஃபிஷர் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய இன்னொரு தொடர் 'மர்டர், ஷீ ரோட்'. 1984 முதல் 1996 வரை 264 எபிசோடுகள். ஏஞ்சலா லான்ஸ்பரி என்ற பெரும் நடிகை, மர்ம நாவல் எழுதும் ஜெசிகா ஃப்ளெச்சராக வந்தார். பன்னிரண்டு முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட அது அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நாயகி இளம்பெண்ணாக இல்லாமல், காதல் சிக்கல் எதுவும் இல்லாமல், மூளையை மட்டும் நம்பி ஒரு தொடர் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது சாதாரணமா?

ஆனாலும் என் அளவுகோலில் அந்தத் தொடர் கொஞ்சம் சறுக்குகிறது. அதன் பல எபிசோடுகள் ஜெசிகாவின் சிரித்த முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்பதோடு முடியும். காபட் கோவ் என்ற சின்னஞ்சிறு ஊரில் வாரத்துக்கு ஒருவர் கொலையாகிறார். அடுத்த வாரம் யாருக்கும் அது நினைவில் இல்லை. கொலை அங்கே குறுக்கெழுத்துப் புதிர் மட்டுமே. பார்க்க இதமாக இருக்கும், மனதில் தங்காது.

இதற்கு நேரெதிர் 'மங்க்' (2002–2009). டோனி ஷலூப்புக்கு மூன்று எம்மி விருதுகள் வாங்கிக் கொடுத்த தொடர். தொட்டதையெல்லாம் துடைத்துக்கொண்டே இருக்கும், கோணலாக இருக்கும் எதையும் நேராக்காமல் நகர முடியாத ஒரு துப்பறிவாளர். மனநலச் சிக்கலை நகைச்சுவையாக்கலாமா என்ற உறுத்தல் அந்தத் தொடரைப் பார்க்கும்போது எழும், எழவும் வேண்டும். ஆனால், அந்த மனிதர் இப்படி உடைந்துபோனதற்குக் காரணம் கார் குண்டில் செத்துப்போன அவர் மனைவி ட்ரூடி. ஊரார் கொலைகளையெல்லாம் கண்டுபிடிப்பவரால் அந்த ஒரு கொலையை மட்டும் எட்டாவது சீசனின் இறுதிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு ட்ரூடி ஞாபகம் வருகிறாள். அதனால்தான் அந்தச் சிரிப்பு கேலியாக மாறவில்லை.

மூன்று பேர், மூன்று தனிமை

'ஒன்லி மர்டர்ஸ்' தொடருக்கு மூல யோசனை ஸ்டீவ் மார்ட்டினுடையது. வயதான மூன்று பேர், குற்றங்களைத் துப்பறிய ஆசை. ஆனால் வெளியே அலைய உடம்பில் தெம்பில்லை. அதனால் தங்கள் கட்டடத்தில் நடக்கும் கொலைகளை மட்டும் துப்பறிவார்கள். ஜான் ஹாஃப்மேன் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து அதைத் தொடராக்கினார். மூன்றாவது முதியவருக்குப் பதிலாக ஓர் இளம்பெண் வந்தாள். தொடர் தொடங்கியபோது ஸ்டீவ் மார்ட்டினுக்கு 76 வயது, மார்ட்டின் ஷார்ட்டுக்கு 71, செலினா கோமஸுக்கு 29. பெரியவர்கள் இருவரும் 1986இல் 'த்ரீ அமீகோஸ்' படத்தில் சேர்ந்து நடித்த காலத்திலிருந்து நண்பர்கள்.

கதை நடக்கும் ஆர்கோனியா என்ற கட்டடம் கற்பனை. வெளித்தோற்றத்துக்குக் காட்டப்படுவது மன்ஹாட்டனில் 86ஆவது தெருவில் இருக்கும் பெல்நோர்டு. 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு முழு தெருச் சதுக்கத்தையும் அடைத்து நிற்கும் கட்டடம், நடுவில் பெரிய முற்றம். ஒரு ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டின் ஜன்னல் தெரியும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்படியான அமைப்பு. ஆனால் யாருக்கும் யாரையும் தெரியாது. பெருநகர அபார்ட்மென்டில் குடியிருக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டீவ் மார்ட்டின் நடிக்கும் சார்லஸ் ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் துப்பறிவாளராக நடித்துப் புகழ்பெற்றவர். இன்று லிஃப்டில் கூட வருபவரிடம் பேசவே கூச்சப்படுகிறவர். முட்டையை அடித்து, கவனமாக ஆம்லெட் போடுகிறார். தட்டில் வைக்கிறார். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் குப்பையில் கொட்டுகிறார். முதலில் இது கிறுக்குத்தனமாகத் தெரிந்து நாம் சிரிக்கிறோம். முன்பு தன்னோடு வாழ்ந்த பெண்ணின் மகளுக்கு அவர் ஆசையாகச் செய்துகொடுத்த ஆம்லெட் அது என்று பிறகு தெரிகிறது. அந்தப் பெண்ணும் குழந்தையும் போய்விட்டார்கள்; ஆம்லெட் போடும் கை மட்டும் நிற்கவில்லை.

மார்ட்டின் ஷார்ட் நடிக்கும் ஆலிவர், பிராட்வேயில் நாடகங்கள் இயக்கிப் பெருந்தோல்வி கண்டவர். மேடையில் நீச்சல்குளம் திறக்கும் என்று நம்பி நடனக்காரர்கள் குதிக்க, குளம் திறக்காமல் போன கதையை அவர் சொல்லும்போது வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால், வீட்டுப் பராமரிப்புப் பணம் கட்ட முடியாமல் மகனிடம் கை நீட்டி நிற்கும் அவர் முகம் வேறு. செலினா கோமஸ் நடிக்கும் மேபல் யாரையும் நம்பாதவள். இந்த மூவரையும் சேர்த்துவைப்பது அவர்கள் மூவரும் ரகசியமாகக் கேட்டுவரும் ஒரு குற்றவியல் பாட்காஸ்ட். பிறகு அவர்களே தொடங்கும் பாட்காஸ்ட். ஒரு சாவு மூன்று பேருக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்த உண்மை அவர்களுக்கே உறுத்துகிறது. டிம் செத்திருக்காவிட்டால் நாம் இன்றும் தனியாகத்தானே இருந்திருப்போம் என்ற உறுத்தல், தொடர் முழுவதும் அடியில் ஓடுகிறது.

2014இல் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் உலகம் முழுக்கப் பரபரப்பானதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தத் தொடரில் டினா ஃபே நடிக்கும் பாட்காஸ்ட் தொகுப்பாளர் சிண்டா கேனிங் யாருடைய சாயல் என்று சொல்லாமலே விளங்கும். 1999இல் பால்டிமோரில் கொல்லப்பட்ட ஒரு பள்ளி மாணவியின் வழக்கை வாரா வாரம் லட்சக்கணக்கானோர் கதைபோலக் கேட்டார்கள். ஒரு குடும்பத்தின் தீராத இழப்பு, இன்னொருவருக்குப் பயணத்தில் கேட்கும் பொழுதுபோக்கு. 'ஒன்லி மர்டர்ஸ்' இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்து ஓடவில்லை. அதன் நாயகர்களே அந்தக் குற்றத்தைச் செய்கிறார்கள். யார் யாரையோ கொலைகாரர் என்று மைக்கில் அறிவிக்கிறார்கள்; அது தவறாகும்போது எதிரில் நிற்கும் மனிதர் பட்ட காயத்தையும் தொடர் காட்டுகிறது.

சத்தமில்லாத ஏழாவது எபிசோடு

முதல் சீசனின் ஏழாவது எபிசோடைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். காது கேளாத தியோ என்ற இளைஞரின் அனுபவத்தில் விரிகிறது அது. நடித்தவர் ஜேம்ஸ் கேவர்லி. அவரும் காது கேளாதவர். செரியன் டாபிஸ் இயக்கிய இந்த எபிசோடில் ஏறக்குறைய பேச்சே இல்லை. மற்றவர்கள் பேசுவது தியோவுக்கு எப்படிப் போய்ச் சேருமோ அப்படியேதான் நமக்கும். உதடுகள் அசைகின்றன, பாதி புரிகிறது, பாதி நழுவுகிறது.

ஆறு எபிசோடுகளாக வாயாடிகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த வாயாடிகளை இப்போது சத்தமில்லாமல், எதிர் ஜன்னலிலிருந்து பார்க்கிறோம். ஓடுகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், வாயைத் திறந்து மூடுகிறார்கள். நாம் சந்தேகப்பட்ட ஒருவர் இத்தனை நாளாக இவர்களை இப்படித்தான் பார்த்துவந்திருக்கிறார். அதே எபிசோடில் ஒரு பழைய சாவின் உண்மையும் தெரியவருகிறது. சந்தேகம் இரக்கமாக மாற அரை மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. எம்மி விருதின் இயக்குநர் பிரிவில் இந்த எபிசோடு பரிந்துரைக்கப்பட்டது. கிடைத்திருக்க வேண்டும்.

பேச்சில்லாத நகைச்சுவையைக் கொலையோடு சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று பார்க்க, பிபிசியின் 'இன்சைட் நம்பர் 9' தொடரில் 2014இல் வந்த 'எ கொயட் நைட் இன்' கதையையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டீவ் பெம்பர்ட்டன், ரீஸ் ஷியர்ஸ்மித் இருவரும் எழுதி நடித்த தொடர் அது. 2024 வரை 55 தனித்தனிக் கதைகள். ஒரு வீட்டில் ஓவியம் திருடப் புகும் இரண்டு திருடர்கள். சார்லி சாப்ளின் காலத்துக் கூத்தாகத் தொடங்கி, எங்கோ ஓரிடத்தில் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. எந்த இடத்தில் மாறியது என்று இரண்டாவது முறை பார்த்தாலும் பிடிபடாது.

இங்கே ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. மர்மக் கதை எழுதுகிறவருக்குத் தீராத தலைவலி, துப்பை எங்கே ஒளிப்பது என்பது. வாசகர் கண்ணில் அது படவும் வேண்டும், மனதில் பதியவும் கூடாது. நகைச்சுவை அதற்கு மிக நல்ல இடம். சிரிக்கும் நேரத்தில் மனிதர் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுகிறார். ஜோக் முடிந்ததும் அதில் இருந்த தகவலும் தீர்ந்துபோனதாக நினைத்துக்கொள்கிறார். இரங்கல் கூட்டத்தில் நாம் சிரித்த அந்தப் பூனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதன் பாதத்தில் ஒட்டியிருக்கும் இரத்தம் துப்பாகிவிடுகிறது. கேலிக்காக வந்தது என்று ஒதுக்கியது ஆதாரமாகத் திரும்பிவரும்போது வரும் அதிர்ச்சி, வெறும் திகில் தொடர்களில் கிடைப்பதில்லை. அவற்றில் எல்லாமே முக்கியம் என்று இசை முன்கூட்டியே சொல்லிவிடும்.

'ஒன்லி மர்டர்ஸ்' தொடரின் நான்காவது சீசனில் செத்திருப்பது சாஸ். சார்லஸுக்குப் பதிலாகச் சண்டைக்காட்சிகளில் விழுந்து எழுந்த டூப் கலைஞர். ஜேன் லிஞ்ச் நடித்தார். சார்லஸைப் போலவே நடப்பார், உட்காருவார், வாயில் பல்குச்சியைக் கடித்தபடி நிற்பார். மூன்று சீசன்களாக வந்தபோதெல்லாம் சிரிப்பு. நண்பர் செத்துவிட்டார் என்பதைச் சார்லஸ் ஒப்புக்கொள்ளவே மாட்டார். எரித்த சாம்பலில் அறுவைச் சிகிச்சையில் பொருத்திய உலோகம் கிடைத்த பிறகுதான் வேறு வழியில்லாமல் போகிறது. வாழ்நாள் முழுவதும் இவருக்காக அடி வாங்கியவர், கடைசியிலும் இவருக்காக வந்த குண்டைத்தான் வாங்கினாரோ என்று அவர் தவிக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தைச் சிரிக்கவைத்த ஸ்டீவ் மார்ட்டின், அந்தக் காட்சிகளில் எதுவுமே செய்யாமல் நிற்கிறார். அதுதான் நடிப்பு.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அயர்லாந்தில் நடக்கும் 'பேட் சிஸ்டர்ஸ்' (2022) இன்னும் இருட்டான இடத்துக்குப் போகிறது. 2012இல் பெல்ஜியத்தில் வந்த 'கிளான்' என்ற ஃபிளெமிஷ் மொழித் தொடரை ஷரோன் ஹோர்கன் தன் ஊருக்கு மாற்றினார். ஐந்து சகோதரிகள். அவர்களில் கிரேஸின் கணவன் ஜான் பால், மனைவியை அடிப்பதில்லை. அதற்கும் மேலாக ஒன்று செய்கிறான். அவள் எங்கே போக வேண்டும், யாரோடு பேச வேண்டும், தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் சிரித்த முகத்தோடு தீர்மானிக்கிறான். மற்ற நான்கு சகோதரிகளும் அவனைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். தொடர் தொடங்குவதே அவன் சவ அடக்கத்தில். யார், எப்படி என்பதுதான் மிச்சம்.

அவர்கள் போடும் திட்டங்கள் ஒவ்வொன்றும் சொதப்புகின்றன. சொதப்பும்போது சிரிக்கிறோம். அவன் பிழைத்துக்கொண்டதும் நமக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஒரு மனிதர் சாகவில்லையே என்று ஏமாறுகிறோம் என்பது உறைக்கும்போது திடுக்கிடுகிறது. ஆன்-மேரி டஃப் நடித்த கிரேஸ் எபிசோடுக்கு எபிசோடு சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்தவர்கள், குடும்ப வன்முறை என்றால் ரத்தக்காயம் மட்டும்தான் என்று இனி சொல்ல மாட்டார்கள். அவருக்கு பாஃப்டா விருது கிடைத்தது, தொடருக்கும் கிடைத்தது. இதே கதையைச் சிரிப்பில்லாமல் எடுத்திருந்தால் இரண்டாவது எபிசோடிலேயே பாதிப் பேர் எழுந்துபோயிருப்பார்கள். பார்க்கத் தாங்காது. அந்தச் சகோதரிகளின் சிரிப்புதான் நம்மைக் கடைசிவரை உட்காரவைக்கிறது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடக்கும் 'டெட்லாக்' (2023) வேறொரு கணக்கைத் தீர்க்கிறது. 1990இல் வந்த 'ட்வின் பீக்ஸ்' முதற்கொண்டு, இளம்பெண்ணின் பிணத்தோடு தொடங்காத மர்மத் தொடர்கள் குறைவு. கேமரா அந்த உடலைத் தடவிக்கொண்டு போகும், ஊரே சோகப்படும், அவள் யார், என்ன நினைத்து வாழ்ந்தாள் என்று கேட்க மாட்டார்கள். கேட் மெக்கார்ட்னி, கேட் மெக்லென்னன் என்ற இரண்டு நகைச்சுவை எழுத்தாளர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். கடற்கரையில் கிடப்பது ஆணின் நிர்வாணப் பிணம். அடுத்தடுத்துச் சாவதும் ஆண்கள். துப்பறிகிற இருவரும் பெண்கள். கெட்ட வார்த்தைகள் தாராளம். குழந்தைகளோடு பார்க்க முடியாது. ஆனால், சிரித்துக்கொண்டே பார்க்கும்போது, இத்தனை ஆண்டுகள் பெண் பிணங்களைப் பார்த்து நாம் எவ்வளவு பழகிப்போயிருக்கிறோம் என்பது உறைக்கும்.

நம் வீட்டில் இருக்கும் சரக்கு

இந்தத் தொடர்களைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு, இது எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று தோன்றினால் அதில் நியாயம் உண்டு. 1940களிலேயே ஆனந்த விகடனில் தேவன் 'துப்பறியும் சாம்பு'வைக் கொண்டுவந்துவிட்டார். அசடு என்று பேரெடுத்த ஒரு பாங்கு குமாஸ்தா. அதிர்ஷ்டத்தால் மர்மங்களை விடுவித்துப் புகழ்பெறுகிறார். அப்புறம் சுஜாதாவின் வசந்த். வக்கீல் கணேஷ் சட்டம் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அசட்டு ஜோக் அடித்துக்கொண்டிருப்பவன். கடைசிவரை சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்குக்குச் சொந்தக்காரன். பெருமாள் கோயில் பிரசாதம்போல வாரா வாரம் அந்தக் கதைகளுக்காகக் காத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. திரையில், 2002இல் வந்த 'பஞ்சதந்திரம்' படத்தில் ஐந்து நண்பர்கள் பிணத்தை வைத்துக்கொண்டு தவித்த தவிப்பையும், கிரேஸி மோகன் வசனத்தையும் யார் மறந்தார்கள்?

2022இல் மட்டும் 'சுழல்', 'வதந்தி', 'விலங்கு' என்று தமிழில் குற்றத் தொடர்கள் அடுத்தடுத்து வந்தன. உழைத்து எடுக்கப்பட்ட தொடர்கள். செத்தவரை மனிதராகப் பார்க்கும் அக்கறை அவற்றில் இருக்கிறது. 'வதந்தி'யின் மையமே, செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் கட்டிவிடும் கதைகள்தான். குறைவது சிரிப்பு. மும்பையில் ஒரு ஹவுசிங் சொசைட்டிக் கொலையை வைத்து, சுனில் குரோவர் நடிப்பில் 'சன்ஃபிளவர்' என்ற இந்தித் தொடர் 2021 ஜூனிலேயே வந்துவிட்டது, 'ஒன்லி மர்டர்ஸ்' வருவதற்கும் முன்னால். நம்மால் முடியாதா என்ன?

2023இல் வந்த 'பார்க்கிங்' படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கும் இருவருக்குள், கார் நிறுத்தும் இடத்துக்காக மூளும் பகை கொலைவெறி வரை போகும். சிரிக்கத் தொடங்கி, பயந்து முடித்தோம். அதில் நடித்த எம்.எஸ்.பாஸ்கருக்கு, 2025இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. அதே பட்டியலில், 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருது பெற்றவர் ஊர்வசி. 'மைக்கேல் மதன காமராஜன்' திரிபுரசுந்தரியை மறக்க முடியாத நமக்கு, அவரால் எந்த நொடியில் சிரிப்பை அழுகையாக மாற்ற முடியும் என்று தெரியும். இந்த இருவரையும் சென்னையின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அண்டைவீட்டுக்காரர்களாக உட்காரவைத்து, மாடியில் ஒரு சாவைப் போட்டு, எட்டு எபிசோடு எழுதுங்கள். ஓடிடி நிறுவனங்களுக்கும் இளம் இயக்குநர்களுக்கும் இந்தக் கட்டுரை வைக்கும் வேண்டுகோள் இதுதான். பெரிய பட்ஜெட் தேவையில்லை. செத்தவர் யார் என்று முதலில் எழுதிவிட்டு, ஜோக்கைப் பிறகு எழுதுங்கள்.